ரைன் நதிக்கரையில் வாசிக்காமல் விட்ட கடுதாசி

ரைன் நதியை நான் பார்த்திருக்கிறேன். இதை எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் சொன்னால், "ஆமா ஆமா, நீங்க போன கப்பல்ல பாதி ஒங்களுதுதானே" என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். கொலோன் பட்டணத்துப் பெரிய கோயில் வாசலில் அண்ணாந்து நின்று கழுத்து பிடித்துக்கொண்டு, இரண்டு நாள் தலையைத் திருப்ப முடியாமல் திரிந்தவள் நான். ஆற்றில் போன நீராவிப் படகு, கரையெல்லாம் கோட்டைகள், மதில் சூழ்ந்த பழைய ஊர்கள் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் கதை கதையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தப் பயணம் முழுக்க என் இடுப்பில் செருகியிருந்த ஒரு கடுதாசியைப் பற்றி இதுவரை யாரிடமும் மூச்சு விட்டதில்லை. கேட்டால் மனம் நோகக்கூடிய இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இனி எழுதலாம்.

முப்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு அப்போது பத்தொன்பது, இருபது வயது இருக்கும். எங்கள் தோட்டம் கந்தப்பளைக்குப் பக்கத்தில். அம்மாவும் தங்கையும் கொழுந்து எடுத்தார்கள். அண்ணன் தேயிலைச் செடிகளை மட்டம் தட்டிக் கவ்வாத்து வெட்டினான். நான் தோட்டத்தை நடத்தும் பெரிய துரையின் பங்களாவில் ஆயா. துரையின் மூன்று வயது மகள் என் இடுப்பை விட்டு இறங்கமாட்டாள்.

என் தாய்மாமன் மகன் கொழுந்து அரைக்கிற ஸ்டோரில் வேலை பார்த்தார். மச்சான் அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசுவேன். அவர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்வதற்குள் நான் நாலு வார்த்தை சொல்லிச் சிரித்துவிடுவேன். ஒரு நாள் மலையிலிருந்து விழும் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். மேலெல்லாம் தேயிலைத் தூள்.

"வீட்டுல பேசச் சொல்லட்டுமா புள்ள?"

"எதை?"

"நம்ம கல்யாணத்தை."

"அடேயப்பா! ஒங்களுக்குப் பேச்செல்லாம் வருதே மச்சான்! யோசிச்சுச் சொல்றேன், போங்க."

யோசிக்க என்ன இருந்தது? ஒரு மண்ணும் இல்லை. எனக்கு அவரைப் பிடிக்கும். அவரைத் தவிர வேறு யாரையும் நான் நினைத்ததே இல்லை. உடனே சரி என்று சொன்னால் மதிப்புக் குறைந்துவிடும் என்று ஒரு நினைப்பு. கொஞ்சம் தவிக்கவிட்டுப் பார்க்கலாம் என்று ஓர் ஆசை. வாய்க்கொழுப்பு, வேறென்ன.

அந்த வருஷம்தான் துரைக்கு ஆறு மாத லீவு வந்தது. குடும்பத்தோடு சீமைக்குப் போகிறார்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா வேண்டும். துரையின் பெண்சாதி துரைசாணிக்கு ஒரே ஒரு கவலை. முன்பு கூட்டிப்போன ஆயாவுக்கு எழுத்துத் தெரியாதாம். வீட்டுக் கடுதாசியை வாசித்துச் சொல்ல ஆளில்லாமல் வழி நெடுக அழுது தீர்த்தாளாம். அதனால் இந்தத் தடவை எழுதப் படிக்கத் தெரிந்தவளைத்தான் கூட்டிப்போவது என்று உறுதியாக இருந்தார். "நீ எழுத்து தெரியுமா?" என்று தன் தோட்டத் தமிழில் கேட்டார். லயத்துப் பள்ளிக்கூடத்தில் நான் ஒரு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே கற்றது என் பெயர் ஒன்றுதான். காகிதம் கொடுத்தார். பெயரைப் பெரிதாக எழுதிக் காட்டினேன். துரைசாணி கை தட்டினார். நான் பேசாமல் நின்றேன். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சொன்ன பொய் அது.

கந்தப்பளையிலிருந்து நானுஓயாவுக்கு அப்போது சின்ன ரயில் ஓடியது. வழியனுப்ப எல்லோரும் வந்திருந்தார்கள். மச்சான் ஜன்னலருகே வந்தார்.

"நீ ஒண்ணும் சொல்லாமலே போறியே."

"அங்கேருந்து எழுதிப் போடுறேன் மச்சான்."

"ஒனக்கு எங்க எழுத வரும்?"

"யாரையாச்சும் வச்சு எழுதுவேன். வெள்ளைக்காரன் எவனாச்சும் கேட்டா அவனைக் கட்டிக்கிட்டேன்னும் எழுதுவேன்!"

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

இங்கிலாந்தில் சில வாரம் இருந்தோம். அதன்பிறகு, ஜெர்மனியில் ஆற்றுப் படகில் போய்ப் பழைய ஊர்களைப் பார்க்க வேண்டும் என்று துரைசாணி ஆசைப்பட்டார். முதலில் போய் இறங்கியது கொலோன். அங்கே தங்கின ஓட்டலுக்குத்தான் அந்தக் கடுதாசி வந்தது. இங்கிலாந்து விலாசத்துக்குப் போய், அங்கிருந்து திருப்பி அனுப்பி வந்திருந்தது. துரைசாணி அதை என் கையில் கொடுத்தார். பிரித்தேன். காகிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள்.

சாவுச் சேதி என்றால் மூலையில் கறுப்பு மை தடவியிருப்பார்கள். மஞ்சள் என்றால் மங்கல காரியம். எழுத்துத் தெரியாதவனுக்கும் இது தெரியும். அம்மா நன்றாக இருக்கிறாள், எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள், நல்லது நடந்திருக்கிறது. அவ்வளவு போதும். உள்ளே இருப்பதை நிதானமாகத் தெரிந்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். நல்ல சேதிக்கு என்ன அவசரம்?

துரைசாணி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என் முகத்தையே பார்த்தார். "என்ன சமாச்சாரம்?"

என்ன செய்வேன்? காகிதத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, உதட்டை அசைத்து, தலையை ஆட்டி, வாசிப்பதுபோல் ஒரு கூத்து ஆடினேன். நான் புறப்படும்போது அண்ணி மாசமாக இருந்தாள். அந்த ஞாபகத்தில், "அண்ணனுக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு தொரசாணி" என்று ஒரே போடாகப் போட்டேன். அவருக்கு அப்படியொரு சந்தோஷம். அன்று சாயங்காலமே கடைக்குப் போய்ப் பிள்ளைக்கு நீல நிறத்தில் கம்பளித் தொப்பி வாங்கி வந்தார். அதைக் கையில் வாங்கியபோதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா?

சும்மா சொல்லக்கூடாது, அந்த ஆற்றுப் பயணத்தில் இருந்ததுபோல் நான் என்றைக்கும் சந்தோஷமாக இருந்ததில்லை. கொலோன் கோயில் கருங்கல்லோ, புகை பிடித்த கல்லோ, மேகத்துக்குள் போய்ச் சொருகிக்கொண்டு நின்றது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் கோபுரத்தில் பாதி ஏறிவிட்டு, "இனி நம்மால ஆகாதுடி கண்ணு" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் படகு. இரண்டு பக்கமும் பெரிய சக்கரம் தண்ணீரை அடித்துக்கொண்டு ஆற்றை எதிர்த்துப் போகும். ஊர் வந்தால் மணி அடிப்பார்கள். இறங்குவோம். துரை கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, இது எத்தனை நூறு வருஷத்து மதில், இது எந்த ராஜா கட்டினது என்று வாசிப்பார். துரைசாணி ஆச்சரியப்படுவார். நான் குழந்தைக்கு மூக்குத் துடைப்பேன்.

கோப்லென்ஸ் என்ற ஊரில் இரண்டு ஆறு வந்து சேர்கிறது. அந்த முனையில் குதிரைமேல் ஒரு ராஜாவைப் பிரமாண்டமாக நிறுத்தியிருந்தார்கள். எங்கள் ஆட்களாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு பிள்ளையாரை வைத்து முழுக்குப் போட்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் மலைக்கு மலை கோட்டை. பாதிக்குக் கூரை இல்லை. மலைச்சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம், கல் அடுக்கி வரிசை வரிசையாக. சரிவில் பெண்கள் முதுகில் கூடையோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை கடல் தாண்டி வந்தும் கூடையும் சரிவும்தானா! இவர்களுக்கும் விடியற்காலையில் பெரட்டு உண்டா, பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார்களா, கங்காணி கத்துவானா என்று துரைசாணியிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

எல்லாம் சந்தோஷம் என்றும் சொல்லமாட்டேன். ஒரு நாள் படகில் பூட்ஸ் போட்ட இளவட்டங்கள் கும்பலாக ஏறி, ஒரே குரலில் பாடிக்கொண்டு வந்தார்கள். என் முகத்தைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். துரை எழுந்து எங்களைப் படகின் மறுபக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தார். ஊர்களில் வீட்டுக்கு வீடு, நடுவில் வெள்ளை வட்டத்துக்குள் வளைந்த சிலுவை போட்ட சிவப்புக் கொடி பறந்தது. ஏதோ திருவிழா என்றுதான் நான் நினைத்தேன்.

அடுத்து இறங்கின ஊர் சின்னது. பெயர் வாயில் நுழையவில்லை. சுற்றிலும் மதில், மதிலில் கோபுரங்கள், உள்ளே மரச்சட்டம் வைத்துக் கட்டின கோணல்மாணலான வீடுகள். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றன. துரை படம் பிடிக்கப் போய்விட்டார். நானும் துரைசாணியும் குழந்தையும் ஒரு பழைய கோயிலுக்குள் போனோம். வெளியே வந்தபோது, கதவருகே கம்பை ஊன்றிக்கொண்டு நின்ற ஒரு வயதான பாதிரியார் என் சேலையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அம்மா, தமிழா?"

ஜெர்மனியில், வெள்ளைத் தாடி வைத்த வெள்ளைக்காரர், தமிழா என்கிறார்!

"ஆமாங்க சாமி!"

"எந்த ஊர், அம்மா?"

"சிலோன் தோட்டங்க. எங்க பாட்டன் காலத்துல முசிறிப் பக்கத்துலேருந்து வந்தவங்க."

"முசிறி! காவேரிக் கரை!" என்று சொல்லி அப்படியே என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கிவிட்டது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் முப்பது வருஷம் இருந்தாராம். உடம்பு முடியாமல் திரும்பி வந்துவிட்டாராம். தமிழ் பேசி எத்தனையோ காலமாயிற்று, கனவில்தான் பேசுகிறேன் என்றார். துரைசாணியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரைசாணியும் சிரித்துக்கொண்டே என்னைக் காட்டி ஏதோ சொன்னார்.

அப்போதுதான் அவர் பார்வை என் இடுப்புக்கு வந்தது. கடுதாசியின் மஞ்சள் மூலை கொசுவத்துக்கு வெளியே தெரிந்துகொண்டிருந்தது.

"மஞ்சள் தடவின கடுதாசி! வீட்டில் விசேஷமா? உங்கள் துரைசாணி சொன்னார்கள், அண்ணனுக்குப் பிள்ளை பிறந்ததாமே. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்." பிறகு குரலைத் தாழ்த்தி, வெட்கப்படுகிறவரைப்போல் கேட்டார். "அம்மா, தமிழ் எழுத்தில் ஒரு கடுதாசி பார்த்து வெகு நாளாயிற்று. என்னிடம் கொடுப்பீர்களா? சத்தமாக வாசிக்க ஆசையாயிருக்கிறது."

கடவுளே வந்து கேட்டாலும் அதைவிட வாகாகக் கேட்டிருக்க முடியாது. ஒரு பெரிய மனுஷர், எனக்கு உதவி செய்வதாகக்கூடச் சொல்லாமல், தனக்கு உதவி செய் என்று கை நீட்டுகிறார். கொடுத்திருந்தால் என் வாழ்க்கை வேறு. ஆனால் பக்கத்தில் துரைசாணி நிற்கிறார். அவருக்குத் தமிழ் கேட்டால் கொஞ்சம் புரியும். பாதிரியார் வாசிக்க ஆரம்பித்தால் அதில் ஆண் பிள்ளையும் இருக்காது, ஒன்றும் இருக்காது. நான் எழுத்தறியாதவள் என்பதும், முகத்துக்கு நேரே பொய் சொன்னவள் என்பதும், கம்பளித் தொப்பியை வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டவள் என்பதும் அந்தக் கோயில் வாசலிலேயே வெட்டவெளிச்சமாகிப்போகும். மானம் போய்விடுமே என்று பயந்தேன். கடுதாசியை உள்ளே தள்ளிச் செருகிக்கொண்டு சொன்னேன்:

"வேணாங்க சாமி. அது பொம்பளைங்க சமாச்சாரம்."

அவர் நீட்டின கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "மன்னியுங்கள் அம்மா, கேட்டிருக்கக் கூடாது" என்றார். முகம் சிவந்துவிட்டது. பாவி, அந்தக் கிழவரையும் கூச வைத்தேன். படகு மணி அடித்தது. திரும்பிப் பார்த்தபோது அவர் கதவருகேயே நின்றுகொண்டிருந்தார். நான் கை காட்டவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு நாள் இன்னும் மேலே போனோம். இன்னும் கோட்டைகள், இன்னும் கோயில்கள். ஒவ்வொரு ஊரிலும் துரை தபாலாபீசைத் தேடிப் போய் ஊருக்குப் படக் கார்டு போட்டார். "ஒனக்கு கார்டு வேணுமா?" என்று துரைசாணி என்னிடம் கேட்டார். வேண்டாம், வீட்டுக்குப் போய் நேரிலேயே சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

இங்கிலாந்துக்குத் திரும்பினோம். துரைசாணியின் அப்பா வீடு ஒரு பட்டிக்காட்டில் இருந்தது. அங்கே தமிழ் முகம் ஏது? ஐப்பசியில் ஊர் திரும்பக் கப்பல் ஏறினோம். ஏடன் தாண்டின பிறகுதான், மெட்ராஸுக்குப் போகும் ஒரு குடும்பத்து ஆயா எனக்குப் பழக்கமானாள். எழுதப் படிக்கத் தெரிந்தவள். குழந்தைகள் தூங்கின ஒரு மத்தியானம், மேல்தட்டில் துணி காயப்போடுகிற இடத்தில் அவளிடம் கடுதாசியைக் கொடுத்தேன். மூலை மஞ்சளெல்லாம் வேர்வையில் ஊறிப் போயிருந்தது.

அவள் முதலில் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். போகப்போகக் குரல் இறங்கியது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளையை வைத்து அண்ணன் எழுதியிருந்தான். மாமா வீட்டில் தட்டு மாற்ற வந்துவிட்டார்கள். மச்சானுக்கு உன்மேல்தான் விருப்பம். ஆனால் நீ விளையாட்டாகவே பேசிவிட்டுப் போய்விட்டாய், உன் மனசு தெரியவில்லை என்கிறார். சம்மதம் என்றால் ஒரு வரி எழுதிப் போடு, நீ வரும்வரை காத்திருக்கிறோம். மாமா படுக்கையில் கிடக்கிறார், மகன் கல்யாணத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று துடிக்கிறார். ஆவணி கடைசி முகூர்த்தத்துக்குள் உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் உனக்கு இஷ்டமில்லை என்று எடுத்துக்கொண்டு, அந்த முகூர்த்தத்திலேயே தங்கையைக் கொடுக்கிறோம்.

"ஆவணி போய் ரெண்டு மாசமாச்சே!" என்றாள் அவள். "அடிப்பாவி, இதையா இத்தனை நாளா இடுப்புல செருகிக்கிட்டுத் திரிஞ்சே? ஒருத்தருமா கெடைக்கல வாசிக்க?"

எத்தனை ஊர் இறங்கினோம், எத்தனை தபாலாபீசைத் தாண்டினோம் என்றுதான் மனம் எண்ணிக்கொண்டிருந்தது. 'சம்மதம்' என்று ஒரு சொல். அந்தப் பாதிரியாரே எழுதிக் கொடுத்திருப்பார். கொழும்பு வந்து சேரும்வரை குழந்தைக்குத் தெரியாமல் அழுதேன். யாரை ஏசுவது? ஏச வேண்டிய ஆள் நான் ஒருத்திதான்.

கந்தப்பளை ஸ்டேஷனில் தங்கை நின்றாள். கழுத்தில் தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் மங்கவில்லை. அவளுக்குப் பின்னால் மச்சான். தலை மொட்டையடித்து அரை விரல் முடி முளைத்திருந்தது. மாமா இறந்துவிட்டார் என்று பார்த்ததுமே தெரிந்தது. துரை குடும்பம் காரில் ஏறிப் போனதும் தங்கை ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, கடுதாசி கெடச்சுச்சா? வாசிக்க ஆள் கெடச்சாங்களா? சொல்லுக்கா. நான் மாட்டேன்னுதான் சொன்னேன். எல்லாருமாச் சேர்ந்து..."

கிடைக்கவில்லை என்று சொன்னால் அவள் ஆயுசுக்கும் என் இடத்தில் உட்கார்ந்திருப்பதாகவே நினைப்பாள். மச்சான் அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் என்னை நினைப்பார். துரைசாணியிடம் வாய் கூசாமல் எத்தனை பொய் சொன்னேன்! இந்த ஒன்றைச் சொல்ல எனக்கு நாக்கு எழவே இல்லை. இழுத்துப் பிடித்துச் சொன்னேன்.

"கெடச்சுச்சுடி. ஜெர்மனியில ஒரு பாதிரியாரு தமிழ்ல வாசிச்சுச் சொன்னாரு. எனக்கு இஷ்டமில்ல, அதான் பதில் போடல. நீ ஏன்டி அழுவுற? நல்லா இரு."

மச்சான் குனிந்து என் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஒரு நொடி அப்படியே நின்றார். பிறகு தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

தங்கைக்கு நாலு பிள்ளைகள். அவர்கள் நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். அவர்களுடைய மூத்தவள் பள்ளிக்கூடம் போனபோது பக்கத்தில் உட்கார்ந்து நானும் எழுத்துக் கற்றுக்கொண்டேன். தங்கை புருஷனையும் மச்சான் என்றுதான் கூப்பிட வேண்டும், ஆகவே கூப்பிடுகிற முறைகூட மாறவில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேசி வந்தவர்களைக் கேலி பேசியே அனுப்பினேன். தங்கை எங்கள் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டாள்.

மச்சான் கடைசியாகப் படுத்திருந்தபோது நான்தான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு மத்தியானம், இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தக் கடுதாசியைப் பற்றிப் பேசாதவர் அன்று கேட்டார்.

"அந்தப் பாதிரியாரு கடுதாசியை வாசிச்சப்போ, நீ சிரிச்சியா புள்ள?"

"இல்ல மச்சான், சிரிக்கல" என்றேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்கப்போவதில்லை என்று தெரியும். சொல்லவில்லை. கஞ்சி ஆறிப்போகிறது, குடியுங்கள் என்று மட்டும் சொன்னேன்.